ஜிம்மி ஸ்பியர்ஸ் போன வழி

அக்டோபர் 4, வெள்ளி: கிளாஸ்கோ

காலையில் வந்து இறங்கியதிலிருந்து தூறல். விட்டுவிட்டது என்று குடையை மடக்கினால் பக்கவாட்டில் இருந்து அடிக்கிறது. தெருவில் நடக்கிற எவர் கையிலும் குடை இல்லை. ஜாக்கெட் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறார்கள். பத்து மணிக்குள் என் குடை காற்றில் மேல்நோக்கி மலர்ந்து இரண்டு கம்பி ஒடிந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்ற பாட்டி ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்து, "இந்த ஊரில் குடைக்கு ஆயுசு ஒரு நாள்தான்பா" என்று ஆறுதல் சொன்னார்.

தங்கல் அக்கா மகனின் அறையில். இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், ராத்திரி ஒரு கடையில் வேலை பார்க்கிறான். "எல்லாரும் எடின்பரோ கோட்டை, நெஸ் ஏரின்னு போவாங்க மாமா. நீங்க என்னடான்னா நூறு வருசத்துக்கு முன்னாடி செத்துப்போன ஆளைத் தேடி வந்திருக்கீங்க" என்று அலுத்துக்கொண்டே கூட வந்தான்.

ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஜேம்ஸ் ஹாமில்டன் ஸ்பியர்ஸ், சுருக்கமாக ஜிம்மி. 1886 மார்ச் 22இல் இந்த ஊரில் பிறந்தவர். கால்பந்தில் இன்சைட் ஃபார்வர்டாக ஆடினார்; நடுக்களத்துக்கும் முன்வரிசைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்து, வாய்ப்பு வந்தால் கோலும் அடிக்கிற இடம் அது. கிளாஸ்கோவில் ரேஞ்சர்ஸ், கிளைட், இங்கிலாந்தில் பிராட்ஃபோர்ட் சிட்டி, லீட்ஸ் சிட்டி என்று நாலு கிளப், பத்து வருஷம். ஸ்காட்லாந்துக்காக ஆடியது ஒரே ஒரு ஆட்டம். மாபெரும் ஆட்டக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் 1911இல் அவர் தலையால் தட்டிய ஒரு பந்துதான் பிராட்ஃபோர்ட் சிட்டிக்கு இன்றுவரை கிடைத்த ஒரே பெரிய கோப்பையை, இங்கிலாந்துக் கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையைக் கொண்டுவந்தது. ஆறு வருஷம் கழித்து பெல்ஜியத்துச் சேற்றில் செத்தார். அவர் ஆடிய ஊர்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, கடைசியில் கல்லறைக்குப் போவது என் திட்டம்.

ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானத்துக்குச் சுரங்க ரயிலில் போனோம். 1896இல் திறந்த ரயில் இது. ஊரின் அடியில் ஒரே வட்டமாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. பெட்டிகள் அவ்வளவு சின்னவை, எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். ஸ்பியர்ஸ் 1905இல் ரேஞ்சர்ஸில் சேர்ந்தபோதும் இந்த வழிதான். அப்போது மோட்டார் கிடையாது, கம்பிவடம் இழுத்துக்கொண்டு போகும்.

ஐப்ராக்ஸ் நிலையத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் அக்கா மகன் திடீரென்று என் தோளைத் தொட்டான். "மாமா, அந்த ஜாக்கெட்டைக் கழட்டுங்க."

"எதுக்குடா? குளுருதே."

"பச்சைங்க மாமா."

ரேஞ்சர்ஸ் நீலம். எதிரிக் கிளப்பான செல்டிக் பச்சை. ஊரே இந்த இரண்டு நிறமாகப் பிரிந்து கிடக்கிறது; கூடவே புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கர் என்ற பழைய பிரிவினையும். ஜாக்கெட்டைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு நடுங்கிக்கொண்டே நடந்தேன். அந்தச் செல்டிக் அணியில்தான் 1936இல் கல்கத்தாவைச் சேர்ந்த முகமது சலீம், பூட்ஸ் போடாமல் காலில் கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு இரண்டு ஆட்டம் ஆடினார். அதைச் சொன்னதும்தான் இவனுக்கு முதல்முறையாக முகத்தில் ஆர்வம் வந்தது.

மைதானத்தின் முகப்பு சிவப்புச் செங்கல். அழகுதான், ஆனால் 1929இல் திறந்தது, ஸ்பியர்ஸ் பார்த்ததில்லை. அவர் காலத்து ஐப்ராக்ஸுக்கு வேறொரு கதை உண்டு. 1902 ஏப்ரல் 5, ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் ஆட்டம். புதிதாகக் கட்டிய மரக் கேலரி உடைந்து, நின்றிருந்தவர்கள் கீழே விழுந்தார்கள். 25 பேர் இறந்தார்கள். அதை வடிவமைத்தவர் ஆர்ச்சிபால்ட் லீச் என்ற கிளாஸ்கோ பொறியாளர். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பியர்ஸ் போன இடமெல்லாம் இவரும் வருவார். விபத்தோடு அந்த மனிதரின் தொழில் முடிந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. அதன் பிறகுதான் பிரிட்டன் முழுக்க ஸ்டாண்ட் கட்டினார்.

ஸ்பியர்ஸ் இங்கே மூன்று வருஷம் ஆடினார். போதாத காலம்: 1905 முதல் 1910 வரை ஆறு தடவை தொடர்ந்து லீக்கை ஜெயித்தது செல்டிக். வாசலில் நீல மஃப்ளர் சுற்றிய பெரியவர் ஒருவரிடம் ஸ்பியர்ஸ் பற்றிக் கேட்டேன். யோசித்தார், தலையாட்டினார், "கேள்விப்பட்டதில்லை" என்றார். ஆனால் சும்மா விட மனமில்லை. மழையில் நின்றபடியே தனக்குத் தெரிந்த ஆட்டக்காரர்களையெல்லாம் ஒவ்வொருவராகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அனுப்பினார்.

சாப்பாடு பக்கத்துச் சின்னக் கடையில். வட்ட பன்னுக்குள் சதுரமான சாசேஜ், கூடவே உருளைக்கிழங்கில் சுட்ட மெல்லிய ரொட்டி, டீ. 5 பவுண்டுக்குள் வயிறு நிறைந்தது.

அக்டோபர் 5, சனி: கிளாஸ்கோ

ஹாம்ப்டன் பார்க்கில் ஸ்காட்லாந்து கால்பந்து அருங்காட்சியகம். பழைய தொப்பிகள், பூட்ஸ்கள், கனமான தோல் பந்துகள். மழையில் ஊறினால் அந்தப் பந்து இரும்புக் குண்டாகிவிடும். அதைத் தலையால் தட்டியவர்கள் இவர்கள். 1874இல் முதல்முறையாகக் கொடுத்த ஸ்காட்டிஷ் கோப்பையும் இங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. நாட்டுக்காக ஆடியவர்களுக்குக் கொடுத்த தொப்பிகள் வெல்வெட் துணியில் குஞ்சம் வைத்துத் தைத்தவை. ஸ்பியர்ஸுக்கும் ஒன்று கிடைத்தது: 1908 மார்ச் 7, டண்டீயில் வேல்ஸுடன் ஆட்டம், 2-1 என்று ஸ்காட்லாந்து ஜெயித்தது. அப்புறம் கூப்பிடவே இல்லை.

அந்த வருஷமே அவர் கிளைட் கிளப்புக்கு மாறினார். அந்தக் கிளப் அப்போது ஆடிய ஷாஃபீல்ட் மைதானத்துக்கு மதியம் நடந்தே போனோம். கிளைட் ஆற்றுக்குப் பக்கத்தில், கிடங்குகளுக்கு நடுவே இருக்கிறது. பின்னாளில் அது வேட்டை நாய்ப் பந்தயத் திடலாகி, 1986இல் கிளைட் கிளப்பையே வெளியேற்றிவிட்டது. இப்போது நாய்களும் இல்லை. பூட்டிய கதவு, உரிந்த பெயின்ட், சுவர் ஓரமாக முளைத்த செடிகள். அக்கா மகன் இரண்டு போட்டோ எடுத்துவிட்டு, "இதுக்கா மாமா மூணு கிலோமீட்டர் நடந்தோம்?" என்றான். அதற்குத்தான்.

ராத்திரி அவன் நண்பர்களோடு ஒரு பஞ்சாபி கடையில் ஹேகிஸ் பக்கோடா. ஆட்டின் ஈரல், நுரையீரல், ஓட்ஸ் எல்லாம் சேர்த்து அரைத்ததைக் கடலை மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். மிளகுக் காரம் நன்றாக ஏறியிருந்தது. நம் ஆட்கள் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் உணவை முதலில் எண்ணெயில் போட்டுவிடுகிறார்கள்.

அக்டோபர் 6, ஞாயிறு: வழியில்

தண்டவாள வேலை. கிளாஸ்கோவில் இருந்து ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து என்றார்கள். அந்தப் பேருந்து ஒரு மணி நேரம் தாமதம், அடுத்த ரயில் போய்விட்டது, அதற்கடுத்தது ரத்து. மதியம் லீட்ஸ் சேர வேண்டியவர்கள் இருட்டிய பிறகுதான் சேர்ந்தோம். யாரும் கத்தவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். வரிசை கலையவில்லை. பெருமூச்சு விட்டார்கள், வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண்மணி ஒரு டப்பாவைத் திறந்து டேப்லெட் என்ற மிட்டாயை எல்லாருக்கும் நீட்டினார். சர்க்கரையும் வெண்ணெயும் சுண்டிய பாலும் சேர்த்துக் காய்ச்சியது. வாயில் போட்டதும் மைசூர்பாகு மாதிரி உதிர்ந்து கரைந்தது. "பேரன் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன், அவன் பங்கு குறைந்துகொண்டே வருகிறது" என்று சிரித்தபடி இன்னொரு தடவையும் நீட்டினார்.

ஸ்பியர்ஸும் 1909இல் இதே திசையில்தான் போனார். அந்தக் காலத்தில் இங்கிலாந்து கிளப்புகள் ஸ்காட்லாந்து ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு போயின. இங்கிலாந்தில் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, வாரம் 4 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. ஆனாலும் அந்த நாலு பவுண்டு ஆலைத் தொழிலாளியின் கூலிக்கு எவ்வளவோ மேல். பிராட்ஃபோர்ட் சிட்டி இப்படிச் சேர்த்துச் சேர்த்து, 1911 இறுதி ஆட்டத்துக்கு இறங்கிய பதினொரு பேரில் எட்டுப் பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள்.

அக்டோபர் 7, திங்கள்: பிராட்ஃபோர்ட்

லீட்ஸில் இருந்து அரை மணிகூட இல்லை. நகரின் நடுவில் தெருவெல்லாம் தோண்டிப்போட்டிருந்தார்கள். ஆரஞ்சு நிறத் தடுப்புகளுக்கு நடுவே வழி கண்டுபிடிப்பதற்குள் இரண்டு தடவை புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். அப்புறம் ஏற்றம். ஊர் முழுக்க மேடும் பள்ளமும்தான்.

கோயம்புத்தூர்க்காரன் கண்ணில் முதலில் படுவது ஆலைப் புகைக்கூண்டு. மானிங்ஹாம் மேட்டில் லிஸ்டர் ஆலையின் புகைக்கூண்டு, 249 அடி, சதுரமாக, கோயில் கோபுரத்துக்குச் செலவழித்த அக்கறையோடு கட்டியிருக்கிறார்கள். பட்டும் வெல்வெட்டும் நெய்த ஆலை. இப்போது உள்ளே குடியிருப்புகள். கம்பளி நூற்பாலைகளால் பணம் புரண்ட ஊர் இது. 1903 வரை மானிங்ஹாமில் இருந்தது ரக்பி கிளப்தான். பணத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் ஆட்டத்தையே மாற்றி, ஒரே முடிவில் கால்பந்துக் கிளப் ஆகிவிட்டார்கள். அதுதான் பிராட்ஃபோர்ட் சிட்டி. ஐந்தே வருஷத்தில், 1908இல், முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள். ஏறியதும் மைதானத்தைப் பெரிதாக்க யாரைக் கூப்பிட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஆர்ச்சிபால்ட் லீச்சை.

வேலி பரேட் மைதானம் சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு பக்கம் வரிசை வீடுகள், இன்னொரு பக்கம் பள்ளம். ஆட்டம் இல்லாத நாள். வரவேற்பில் இருந்த பெண்மணி உள்ளே விட முடியாது என்றார், ஆனால் எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். சொன்னதும், "ஸ்பியர்ஸுக்காகவா!" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கிளாஸ்கோவில் யாருக்கும் தெரியாத பெயர் இங்கே வரவேற்பறையில் செல்லுபடியாகிறது.

வாசலில் நினைவுக் கல் இருக்கிறது. 1985 மே 11. மூன்றாவது டிவிஷன் கோப்பையை வாங்கிக் கொண்டாடிய நாள். லீச் காலத்து மர ஸ்டாண்டின் அடியில் வருஷக்கணக்காகக் குப்பை சேர்ந்து கிடந்தது. அதில் தீப்பொறி விழுந்தது. சில நிமிடங்களில் ஸ்டாண்ட் முழுவதும் எரிந்து 56 பேர் இறந்தார்கள். புதுக் கூரை போடுவதற்கு இரும்பு வந்து இறங்கிவிட்டிருந்தது, சீசன் முடியட்டும் என்று காத்திருந்தார்கள். ஸ்பியர்ஸ் ஆடியபோது கூட்டம் உட்கார்ந்து பார்த்த இடம் அந்த ஸ்டாண்ட்தான். அக்கா மகன் பெயர்களை ஒன்றொன்றாகப் படித்தான். அதுவரை விடாமல் கேலி பேசிக்கொண்டிருந்தவன், இறங்கி வரும்வரை ஒன்றும் சொல்லவில்லை.

மழை வலுத்ததால் டாக்சி பிடித்தோம். ஓட்டுநருக்கு ஐம்பது வயது இருக்கும். உருதுவில் ஆரம்பித்தார், என் ஹிந்தியின் லட்சணத்தைப் பார்த்து ஆங்கிலத்துக்கு வந்தார். தாத்தா மீர்ப்பூரில் இருந்து இங்கே ஆலை வேலைக்கு வந்தவராம். முன் கண்ணாடியில் கிளப்பின் அடர்சிவப்பும் மஞ்சளும் கலந்த சின்னக் கொடி தொங்கியது. "ஸ்பியர்ஸைத் தெரியுமா பாய்?" என்று கேட்டதுதான் தாமதம்.

"கேப்டன்! கோப்பைக்கு கோல் போட்டவர்! எங்க ஊரில் செய்த கோப்பை, எங்க ஊருக்கே வந்தது, தெரியுமா?"

அது உண்மைதான். எஃப்.ஏ. கோப்பையின் புது வடிவத்தை 1911இல் பிராட்ஃபோர்டின் ஃபாட்டோரினி நகைக்கடைதான் செய்து கொடுத்தது, விலை 50 கினி; ஒரு கினி ஒரு பவுண்டுக்குச் சற்று மேல். அதை முதன்முதலாக ஜெயித்த அணியும் பிராட்ஃபோர்ட். யாராவது கதையில் இப்படி எழுதினால் நம்ப மாட்டோம்.

வண்டி நின்ற பிறகும் அவர் பேச்சு நிற்கவில்லை. 2013இல் நாலாவது டிவிஷனில் இருந்துகொண்டே லீக் கோப்பை இறுதி ஆட்டம் வரை போனது, ஸ்வான்சியிடம் 5-0 என்று தோற்றாலும் வெம்பிளியில் கொடி ஆட்டியதை நிறுத்தாதது, 2015இல் செல்ஸியை அவர்கள் ஊரிலேயே 4-2 என்று சாய்த்தது. மீட்டரை எப்போது அணைத்தார் என்றே தெரியவில்லை. 7 பவுண்டு என்றார், பத்து கொடுத்தேன், மூன்றைத் திருப்பிக் கையில் வைத்தார். "கல்லறைக்குப் போனால் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க பாய்" என்று எண்ணைக் கொடுத்தார். நாளைக்கு லீட்ஸ் மைதானத்துக்கும் போகப்போகிறோம் என்று அக்கா மகன் உளறியபோதுதான் அந்த முகம் சுருங்கியது. லீட்ஸ் பக்கத்து ஊர் எதிரி.

அவரே சொன்ன கடையில் ராத்திரிச் சாப்பாடு. ஆட்டுக்கறிக் கடாய், அதோடு மூன்று சப்பாத்தி விலைக்குள்ளேயே அடக்கம், 9 பவுண்டு. பக்கத்து மேசையில் ஒரு நான் ரொட்டியை ஆளுயரக் கம்பிக் கொக்கியில் மாட்டி நிறுத்தியிருந்தார்கள். வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று ஆளுக்கொரு பக்கம் பிய்த்துச் சாப்பிட்டது. கரண்டி கேட்டது நாங்கள் மட்டும்தான்.

அக்டோபர் 8, செவ்வாய்: லீட்ஸ், மான்செஸ்டர்

ஸ்பியர்ஸை 1912 டிசம்பரில் லீட்ஸ் சிட்டி வாங்கியது, 1,400 பவுண்டுக்கு. அப்போது அது பெரிய தொகை. வாங்கியவர் ஹெர்பர்ட் சாப்மேன், பிற்பாடு ஆர்சனலை எங்கேயோ கொண்டுபோன அதே மேனேஜர். 1915 வரை இங்கே ஆடினார் ஸ்பியர்ஸ். எல்லண்ட் ரோடு மைதானத்தை வெளியிலிருந்தே பார்த்தோம், மழை. அதைவிட எனக்குப் பிடித்தது கிங் தெருவில் இருக்கிற மெட்ரோபோல் ஹோட்டல், சிவப்பு மண்சிற்ப வேலைப்பாட்டோடு. போர்க்காலத்தில் விதிக்கு மாறாக ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்ததாகப் புகார் வந்து, கணக்குப் புத்தகத்தைக் காட்ட மறுத்ததால் 1919இல் லீக் நிர்வாகம் லீட்ஸ் சிட்டியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது. அக்டோபர் 17 அன்று இந்த ஹோட்டலில் வைத்து ஆட்டக்காரர்களை ஏலம் விட்டார்கள். உயிரோடு இருந்திருந்தால் ஸ்பியர்ஸும் அந்த ஏலத்தில் ஒருவராக நின்றிருப்பார்.

மதியம் மான்செஸ்டர். மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தைச் சுற்றிப்பார்க்க ஆளுக்கு 30 பவுண்டுக்கு மேல் பிடுங்கினார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் சட்டை வாங்கிய பையோடு. நான் பார்க்க வந்தது ஒரே ஒரு குறுகிய சந்து.

1911 ஏப்ரல் 22, லண்டன் கிரிஸ்டல் பேலஸில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். எதிரே முந்தைய வருஷம் கோப்பையை ஜெயித்த நியூகாசில். எழுபதாயிரம் பேருக்கு நடுவே 0-0. நாலு நாள் கழித்து ஏப்ரல் 26, புதன்கிழமை, மறு ஆட்டம் இங்கே, ஓல்ட் டிராஃபோர்டில். இந்த மைதானம் திறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கட்டியவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. 15வது நிமிடத்தில் ஸ்பியர்ஸ் தலையால் தட்டியது உள்ளே போனது. மிச்ச நேரமெல்லாம் பிராட்ஃபோர்ட் தடுத்துக்கொண்டே நின்றது. அன்று தடுப்பில் தூணாக நின்றவர் ராபர்ட் டாரன்ஸ், கிளாஸ்கோவுக்குப் பக்கத்து கிர்க்கின்டில்லாக்கைச் சேர்ந்தவர். மறு ஆட்டத்துக்குத்தான் அவரை அணியில் சேர்த்தார்கள். அவரும் 1918 ஏப்ரலில் போரில் செத்தார்.

1941இல் ஜெர்மன் குண்டு விழுந்து ஓல்ட் டிராஃபோர்ட் நாசமாகிவிட்டது. லீச் கட்டியதில் தப்பியது நடுவில் இருக்கிற ஆட்டக்காரர்களின் பழைய சந்து மட்டும். இப்போது ஆட்டக்காரர்கள் மூலையில் வேறொரு வழியாக வருகிறார்கள். பழைய சந்து, இரண்டு பேர் தோளோடு தோள் நடந்தால் சுவர் உரசும். சுவரின் கீழ்ப்பாதி செங்கல்லில் பெயின்ட் மேல் பெயின்ட். விரல் வைத்தால் மேடும் குழியும் தெரிகிறது. தரை மைதானத்தை நோக்கி லேசாகச் சரிகிறது. ஆணி பதித்த பூட்ஸோடு பதினொரு பேர் இதில் சறுக்காமல் எப்படி நடந்தார்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, வழிகாட்டி கூட்டத்தை அடுத்த இடத்துக்கு விரட்டினார். நான் ஸ்பியர்ஸ் பெயரைச் சொன்னேன். "பிராட்ஃபோர்ட்! சரிதான், இந்த வழியாகத்தான் வந்திருப்பார்" என்றார், அதற்காக எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு நிமிடம் கொடுத்தார். ஸ்பியர்ஸ் ஆடிய இடங்களில் அவர் காலத்துச் சுவர் என்று நான் தொட்டது இது ஒன்றுதான்.

அக்கா மகன் இங்கிருந்தே கிளாஸ்கோ திரும்பினான். மறுநாள் வேலை. "பெல்ஜியத்துல பச்சை ஜாக்கெட் போட்டுக்கலாங்க மாமா" என்று சொல்லிவிட்டு ரயிலேறினான்.

அக்டோபர் 10, வியாழன்: ஈப்பர்

லண்டன், பிரஸ்ஸல்ஸ், கோர்ட்ரேய்க் என்று மாறி மாறி வந்து ஈப்பரில் இறங்கினேன். முதல் உலகப்போரில் தரைமட்டமான ஊர். இப்போது நிற்கிற பழைய பாணிக் கட்டடங்கள் எல்லாம் போருக்குப் பிறகு பழைய மாதிரியே திரும்பக் கட்டியவை. தெரியாதவன் நானூறு வருஷம் என்பான்.

ராத்திரி எட்டு மணிக்கு மெனின் வாசல் என்ற போர் நினைவு வளைவில் ஊதுகொம்பு. 1928இல் ஆரம்பித்த வழக்கம்; ஊதுகிறவர்கள் ஊர்த் தீயணைப்புப் படையினர். வாசலின் சுவரெல்லாம் உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள், 54,000க்கு மேல். நம் படைவீரர்களின் பெயர்களும் இருக்கின்றன. 1914 செப்டம்பர் கடைசியில் பிரெஞ்சுத் துறைமுகத்தில் இறங்கி, சில வாரங்களிலேயே, குளிருக்கான உடைகூடச் சரியாக இல்லாமல், இந்த ஊரைச் சுற்றி நிறுத்தப்பட்டவர்கள். இந்தியப் படையில் முதல் விக்டோரியா கிராஸ் என்ற பிரிட்டனின் உச்ச வீரப் பதக்கம் வாங்கிய குதாதாத் கான் சண்டையிட்ட ஹோலபேக் இங்கிருந்து சில கிலோமீட்டர்தான்.

கூட்டத்தில் எனக்கு முன்னால் நின்ற உயரமான ஆள், திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து இடம் விட்டார். இந்தப் பயணத்தில் இப்படிப் பலர். முடிந்ததும் சதுக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல், மேலே பீரில் வேகவைத்த மாட்டுக்கறிக் குழம்பு. 11 யூரோ. மயோனைஸுக்குத் தனிக் காசு, அது கொஞ்சம் அநியாயம்.

அக்டோபர் 11, வெள்ளி: டோக்கி ஃபார்ம்

வாடகைக்குச் சைக்கிள் எடுத்தேன், நாளுக்கு 15 யூரோ. கடைக்காரம்மா வானத்தைப் பார்த்தார், என் ஜாக்கெட்டைப் பார்த்தார், உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் மழைக்கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை.

தரை தட்டை. மேடே இல்லை. ஆனால் எதிர்க்காற்று. இரண்டு பக்கமும் பீட்ரூட் மாதிரித் தெரிகிற சர்க்கரைக் கிழங்கு வயல். டிராக்டர் இழுத்துப்போட்ட சேறு ரோடெல்லாம். சேறு என்றால் களிமண், சைக்கிள் மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே அப்பி வண்டியையே நிறுத்திவிட்டது. குச்சி எடுத்துக் குத்திக் குத்தி எடுத்தேன். ஒரு மின்கம்பத்தின் அடியில் துருப்பிடித்த பீரங்கிக் குண்டு ஒன்று கிடந்தது, முழங்கை நீளம், மேலே ஈர மண் ஒட்டியபடியே. உழவர்களின் கலப்பையில் இன்னும் இவை வருஷா வருஷம் சிக்குகின்றன. கம்பத்தடியில் வைத்துவிட்டால் ராணுவம் வந்து எடுத்துப்போகும். நான் சைக்கிளை ரோட்டின் அந்தப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனேன்.

ஸ்பியர்ஸ் 1915 மே மாதம், சீசன் முடிந்ததும், கிளாஸ்கோ திரும்பி கேமரன் ஹைலாண்டர்ஸ் படையில் சேர்ந்தார். மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். கட்டாய ராணுவச் சேர்ப்பு அப்போது கிடையாது, 1916இல்தான் வந்தது. யாரும் கூப்பிடவில்லை, தானாகப் போனார். எனக்கு இந்த இடம்தான் பிடிபடவில்லை, பயணம் முழுக்க யோசித்தும். கையில் காயம் பட்டுத் தேறினார், 1917இல் வீரத்துக்கான ராணுவப் பதக்கம் வாங்கினார், சார்ஜென்ட் ஆனார். அந்த ஆகஸ்ட் மாதம் இங்கே மழை விடவே இல்லை. வயல்களின் வடிகால்களை ஏற்கெனவே குண்டுகள் தகர்த்துவிட்டிருந்தன. வழுக்கி விழுந்தவன் குழியில் மூழ்கிச் சாகிற அளவுக்குச் சேறு. ஆகஸ்ட் 20, வயது 31.

டோக்கி ஃபார்ம் கல்லறைத் தோட்டம் ரோட்டோரத்தில், வயலுக்கு நடுவே. போர் முடிந்த பிறகு சுற்றுவட்டாரத்தில் சிதறிக் கிடந்த உடல்களை எடுத்துவந்து புதைத்த இடம். 1,439 பேர், அவர்களில் 958 பேருக்குப் பெயர் தெரியாது. மூன்றில் இரண்டு கல்லில் 'போர்வீரர் ஒருவர்' என்றுதான் இருக்கிறது. நுழைவாயில் பக்கம் சுவரில் பித்தளைக் கதவு வைத்த சின்னப் பெட்டி. அதற்குள் பெயர்ப் பட்டியல், வரிசை எண்ணோடு. நிலத்தகராறுக்கு வந்தவன் பத்திரம் பார்க்கிற மாதிரி கையில் நீர் சொட்டச் சொட்டப் புரட்டிக் கண்டுபிடித்தேன்.

சார்ஜென்ட் ஜே. எச். ஸ்பியர்ஸ். பெயருக்குப் பின்னால் பதக்கத்தின் எழுத்துகள். மேலே படையின் சின்னம், முட்செடி மாலைக்குள் சிலுவை ஏந்திய புனிதர். ஆட்டக்காரர் என்று கல்லில் ஒரு வார்த்தையும் இல்லை. அடர்சிவப்பும் மஞ்சளுமாக ஒரு மஃப்ளரை யாரோ கல்லின் அடியில் மடித்து வைத்துக் கல் ஒன்றைப் பாரம் வைத்திருந்தார்கள். நனைந்து நிறம் ஓடிப்போயிருந்தது. அதை விரித்துப் போட்டு இரண்டு போட்டோ எடுத்தேன், திரும்ப மடித்து வைத்தேன்.

சைக்கிள் கடைக்குத் திரும்புவதற்குள் பின் சக்கரம் காற்று இறங்கிவிட்டது. கடைசி இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்தேன். கடைக்காரம்மா பஞ்சருக்கு 5 யூரோ வாங்கிக்கொண்டார், மழைக்கோட்டை வைத்துக்கொள்ளச் சொன்னார். டாக்சிக்காரருக்கு அங்கே வைத்தே போட்டோவை அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "அல்ஹம்துலில்லாஹ். யாரோ நம்ம ஆள் மஃப்ளர் வச்சிருக்கான் பார்த்தீங்களா! லீட்ஸ் மஃப்ளர் எதுவும் இல்லையே?"

இல்லை என்று அடித்து அனுப்பிவிட்டுச் சூடாக சூப் குடிக்கப் போனேன்.